அலுமாரிக்குள் பாணான கேக்

பூட்டைத் திறந்து, தட்டின் மேலிருந்த வெள்ளைத் துணியை நீக்கியபோது, புஸ்பம் டீச்சரின் நத்தார் கேக் பாணாக மாறியிருந்தது.

டிசம்பர் இருபத்து மூன்று, காலை. தன்னாமுனை. வாவிப் பக்கமிருந்து வந்த மழைக்காற்று யன்னல் சீலையை உலுக்கிக்கொண்டிருந்தது. கேக்கின் மேல் தேன் பூசுவதற்காகக் கிண்ணமும் கையுமாக வந்த டீச்சர், அப்படியே கதிரையில் அமர்ந்துவிட்டார். தட்டு அவருடைய தட்டுதான். கைபிடியில் நீலச் சேலைக்கரைத் துண்டு கட்டியிருந்தது. உள்ளே, தட்டின் அளவுக்கே வார்த்ததுபோல ஒரு பெரிய பாண், வெறும் பேக்கரி ரொட்டி, கிடந்தது.

அலுமாரிக்கு ஒரே சாவி. அது டீச்சரின் இடுப்பில் இருந்தது.

அவர் முதலில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு தொலைபேசியை எடுத்து ஏறாவூருக்கு அழைத்தார்.

ஏறாவூரில் சரீபின் பேக்கரி. தன்னாமுனைக்காரர்கள் நத்தார் கேக்கை வீட்டில் கலந்து, இந்தப் பேக்கரியின் போறணை அடுப்பில் சுடக் கொடுப்பது சரீபின் வாப்பா காலத்து வழக்கம். பாண் வெந்து இறங்கி, விறகுச் சூடு தணிகிற நேரத்தில் கேக் தட்டுகள் உள்ளே போகும். எது யாருடையது என்று தெரிய ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம். ஒரு வீட்டுக்குச் சிவப்பு நூல், இன்னொரு வீட்டுக்கு ரப்பர் வளையல், புஸ்பம் டீச்சருக்கு நீலக்கரை. முஸ்லிம் வீட்டுப் போறணைக்குப் போகிற கேக் என்பதால் பழத்தைப் பிரண்டியில் ஊறப் போடுவதில்லை. முந்திரிகைச் சாறும் தேனும்தான். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை.

சரீப் பொலிஸில் குற்றப்பிரிவு சார்ஜனாக இருந்து ஓய்வு பெற்றவர். தொலைபேசி அடித்தபோது அவருடைய மனைவி நஸீறா கவுண்டருக்கு முன்னால் நின்று அவரை விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"நேத்துப் பின்னேரப் பணிஸ் ஓமம் மணக்கிதாம். மூணு பேர் வந்து சொல்லிட்டாங்க. வயித்துப் பொருமலுக்கும் பணிஸ் சுடத் தொடங்கிட்டீங்களா?"

"றுமைஸிட்டக் கேளு புள்ள. சுடுறவன் அவன்."

"தன்ட போறணைக்குள்ள என்ன போகுதெண்டு தெரியாது. இவர்தான் ஊருல களவு புடிச்ச சார்ஜன்!"

சரீப் தொலைபேசியைக் காதில் வைத்தார். மறுமுனையில் புஸ்பம் டீச்சர்.

"சரீப், என்ட கேக் பாணாப் போச்சு."

* * *

சரீப் தன்னாமுனைக்கு வந்து பார்த்தபோது, அலுமாரியின் பூட்டில் கீறல் இல்லை. பின்பலகை சுவரோடு ஒட்டியிருந்தது. ஆணிகளில் பழைய துரு. கண்ணாடி முழுசாக இருந்தது. சரீப் பாணைத் தூக்கினார். அவருடைய பேக்கரிப் பாண்தான். அடிப்பக்கம் ஈரமாக, தொய்ந்துபோயிருந்தது. மேல்தோலில் வெள்ளைத் துணியின் நெசவு சன்னமாக அச்சு விழுந்திருந்தது. அதை இரண்டு தரம் பார்த்தார். திரும்ப வைத்தார்.

"நேத்து இத ஆர் கொண்டுவந்த டீச்சர்?"

"நிருஷாதான். ஸ்கூட்டியில, கால்மாட்டில வெச்சு."

நிருஷா அவருடைய மருமகள். செட்டிபாளையத்துப் பிள்ளை, ஏறாவூரில் ஒரு கடையில் காசாளர்.

"வாங்கினது?"

"நான். என்ட ரெண்டு கையாலயும் வாங்கினன். நல்ல சூடு. பாரமும் சரி."

"துணிய நீக்கிப் பாத்தீங்களா?"

"சூட்டோட ஆராவது துணி எடுப்பாங்களா? மேல் வெடிச்சிரும். ஒரு ராத்திரி மூடித்தான் கிடக்கணும். அப்பிடியே உள்ள வெச்சுப் பூட்டினன்."

"அப்ப கேக்தான் எண்டு எப்பிடித் தெரியும்?"

டீச்சர் ஒரு கணம் யோசித்தார்.

"மணம்தான். பன்னீரும் கறுவாவும்... வீடு முழுக்க ஒரே மணம். ஊரே மணந்திருக்கும்."

"வேற ஏதும் காணாமப் போனதா?"

"அடுப்படியில மிச்சப் பழப் போத்தல் ஒண்டு இருந்தது. உயிர்த்த ஞாயிறுக்கெண்டு வெச்சது. அதையும் காணல்ல."

"அலுமாரிய வழக்கமாப் பூட்டுவீங்களா?"

"இல்ல. இந்த முறை எலி."

சொல்லிவிட்டு அவர் சுவரைப் பார்த்தார். அங்கே மகன் மதுரனும் நிருஷாவும் மாலையும் கழுத்துமாக நிற்கும் படம். கோயிலும் இல்லாமல் சேர்ச்சும் இல்லாமல், பதிவுக் கந்தோரில் நடந்த கலியாணம்.

"எலி எண்டு அவளுக்குச் சொன்னன்," டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "ஐப்பசியில எனக்குக் காய்ச்சல் வந்து போனதில இருந்து அவள் என்ட அடுப்படியிலயே கண்ணா இருக்கிறாள் சரீப். நான் போன பின்னுக்குப் போய் மூடியத் திறக்கிறது, போத்தலத் தூக்கிப் பாக்கிறது. எனக்குப் புடிக்கல்ல. அதான் பூட்டினன். நாளைக்கு மதுரன் கட்டார்ல இருந்து வாறான். மூணு வருசத்துக்குப் பிறகு வாறான். போன் எடுத்தா அவனுக்கு வேற கதையில்ல, அம்மாட கேக்தான். இது அவள்ட வேலை எண்டா எனக்குச் சொல்லுங்க. அவள் செட்டிபாளையத்துக்கே திரும்பிப் போகட்டும். மகன் வந்து எந்தப் பக்கம் நிண்டாலும் சரி."

 சரீபின் மூக்கில் ஏதோ கருகும் வாடை ஏறியது. டீச்சர் பேசிக்கொண்டேயிருந்தார். வாடை தடித்தது.

"டீச்சர், அடுப்புல..."

அவர் முடிக்கவில்லை. படலையில் ஸ்கூட்டி வந்து நின்றது. தலைக்கவசத்தோடேயே நிருஷா உள்ளே ஓடினாள். அடுப்படியில் பாத்திரம் இறங்கும் சத்தம். கறுத்துப்போன பால்சட்டியும் கையுமாக வெளியே வந்தாள்.

"நான்தான் மாமி. காலையில பால வெச்சிட்டு மறந்து போயிட்டன்."

"உனக்கு எப்பவும் மறதிதான்," என்றார் டீச்சர்.

* * *

முற்றத்து முருங்கை மரத்தடியில் விசாரணை நடந்தது. நிருஷா சரீபைப் பேக்கரிக்காரர்கள்போலவே அண்ணன் முறையில் 'காக்கா' என்றுதான் அழைப்பாள்.

"காலையில எத்தினை மணிக்குப் போன மகள்?"

"வெள்ளென காக்கா. விடியக்கையே. கடையில ஸ்டொக் எடுக்கிற வேலை."

"நேத்துத் தட்ட வாங்கினது?"

"உங்கட பேக்கரியில, றுமைஸிட்ட."

"வழியில எங்கயும் நிண்டியா?"

"இல்ல."

"உள்ள கேக் இருந்ததா?"

நிருஷா நிலத்தைப் பார்த்தாள். அவளுடைய கைக்கடிகாரப் பட்டியில் ஏதோ மஞ்சளாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. சரீபின் பார்வை அங்கே போவதைக் கண்டு கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"காக்கா, நான்தான் எடுத்தன் எண்டு மாமிட்டச் சொல்லிருங்க. அதுக்கு மேல ஒண்டும் கேக்காதீங்க."

"பொலிஸ்ல இருந்த காலத்துல, பெட்டி நிறையச் சாமானோட புடிச்சவனே நான் இல்லயெண்டுதான் சத்தியம் பண்ணுவான். நீ என்னெண்டா..."

அவள் சிரிக்க முயன்றாள். கண் கலங்கிவிட்டது.

"மாமி என்னத் திருப்பி அனுப்பப் போறாவா?"

"அப்பிடித்தான் சொல்றா."

"அனுப்பினா இரவையில அடுப்பு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். பால்சட்டியைத் தேய்க்கக் கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

வேலிக்கு அப்பால் கோணாமலை வலை தைத்துக்கொண்டிருந்தார். வாவியில் மீன்பிடிப்பவர், எந்தக் கதையும் அவர் காதைத் தாண்டிப் போனதில்லை.

"என்ன சார்ஜன், யூனிபோம் இல்லாமலே விசாரணையா? டீச்சர் இந்த முறை கேக் சுடல்லயா?"

"ஏன் அப்பிடிக் கேக்கிறீங்க?"

"ஒவ்வொரு வருசமும் தட்டு படலைக்குள்ள வந்தாக் காணும், மணம் என்ட வேலியத் தாண்டி வந்திரும். எனக்கு ஒரு துண்டும் வரும். நேத்தும் இஞ்சதான் இருந்தன். பிள்ளை தட்டோட வந்தத என்ட கண்ணால கண்டன். மணத்தக் காணல்ல. சரி, காத்து வேற பக்கமாக்கும் எண்டு மூக்கத் தேத்திக்கொண்டன்."

"காத்து எந்தப் பக்கம் அடிச்சது?"

கோணாமலை யோசித்தார். "டீச்சர் வீட்டுப் பக்கமிருந்து என்ட பக்கம்."

* * *

மதியத்துக்குச் சற்று முன். பேக்கரியின் பின்பக்கம்.

போறணைக்கு முன்னால் கேக் தட்டுகள் வரிசையாக ஆறிக்கொண்டிருந்தன. சிவப்பு நூல். ரப்பர் வளையல். ஒரு பழைய சாவி கட்டிய கம்பி. கடைசித் தட்டில் ஒன்றுமில்லை.

"இது ஆர்ட றுமைஸ்?"

போறணைக்காரன் றுமைஸ் மாப் படிந்த கையைத் துடைத்தான். "அது... ஒரு ஆக்கள்ர."

"ஆக்களுக்கு அடையாளம் இல்லயா?"

"புது ஆக்கள் காக்கா."

சரீப் குனிந்து மணந்து பார்த்தார். பன்னீர், கறுவா, தேன். ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சிவந்திருந்தது. முதல்முதலாகக் கேக் கலந்த கைக்கு அப்படித்தான் அமையும்.

"சரி மனே. இனி நேத்தையான் கேக்க எடு. பணிஸுக்கெல்லாம் ஓம மணத்த அள்ளிக் குடுத்ததே, அந்தக் கேக்."

றுமைஸ் கை துடைத்த துணியைத் தோளில் போட்டான். பிறகு மா மூட்டைகளுக்குப் பின்னால் போய், தாளில் சுற்றிய ஒரு கேக்கைக் கொண்டுவந்து வைத்தான்.

"அந்தப் புள்ள சொல்லக் கூடாதெண்டு சத்தியம் வாங்கிட்டுது காக்கா."

"நீ சத்தியத்தக் காப்பாத்து. நான் சொல்றன். பிழையெண்டா மட்டும் தலைய ஆட்டு."

அவர் சொல்லி முடிக்கும்வரை றுமைஸின் தலை ஆடவேயில்லை.

வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்ட நஸீறா உள்ளே வந்தாள். கேக்கில் ஒரு விளிம்பை உடைத்து வாயில் போட்டாள். நெடுநேரம் மென்றாள்.

"களவக் கண்டுபுடிச்சிட்டீங்க. சரி. இத டீச்சர்ட்ட எப்பிடிச் சொல்லப்போறீங்க?"

"அதத்தான் யோசிக்கிறன். சொல்லாட்டி மருமகள் வீட்ட விட்டுப் போகணும். சொன்னா டீச்சர் உடைஞ்சு போயிருவா."

"நானும் வாறன்," என்றாள் நஸீறா. "நீங்க உண்மையச் சொன்னா சார்ஜ் சீட் வாசிக்கிற மாதிரி இரிக்கும்."

* * *

மாலை. மழை விட்டிருந்தது. டீச்சரின் கூடத்தில் மூன்று பேர்தான். நிருஷாவைச் சற்று நேரம் கிணற்றடியில் இருக்கச் சொல்லியிருந்தார்கள். முன்மேசையில் துணி மூடிய ஒரு தட்டு. அதற்கு முன்னால், அடுப்படிச் சுவர்த்தட்டிலிருந்து நஸீறா எடுத்துவந்து வைத்த இரண்டு கண்ணாடிப் போத்தல்கள். ஒரே அளவு. ஈரத்தில் லேபல் உரிந்துபோனவை. இரண்டிலும் தண்ணீர்போலத் தெளிந்த திரவம்.

"டீச்சர்," சரீப் மெதுவாகக் கேட்டார். "இதுல பன்னீர் எது?"

டீச்சர் அவரைக் கோபமாகப் பார்த்தார். ஒரு போத்தலை எடுத்து மூடியைத் திருகி மூக்கில் வைத்தார். கீழே வைத்தார். மற்றதை எடுத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். கை மெல்ல இறங்கியது.

நஸீறா நகர்ந்து வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரெண்டும் எனக்குத் தண்ணிதான் சரீப்," என்றார் டீச்சர்.

"ஐப்பசியில வந்த காய்ச்சலுக்குப் பிறகா?"

"ஓம். திரும்பி வரும் வரும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன். மனைப்பொருளியல் படிப்பிச்சவள் நான். மணம் தெரியாதவள் கையால ஆர் வாங்கித் தின்னுவாங்க? சொன்னா அடுப்படிய விட்டு எழும்பச் சொல்லுவாங்க. பிறகு இந்த வீட்டுல எனக்கு என்ன வேலை?" அவர் நிமிர்ந்தார். "இது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"பாண் சொல்லிச்சு. ஆறின பாண மூடினா ஒண்டும் ஆகாது. சூட்டோட மூடினாத்தான் வேர்க்கும், அடி நனையும், தோல்ல துணிட நெசவு அப்பிடியே பதியும். அந்த அச்சு இந்தப் பாண்ல இரிக்கி. அப்ப ராத்திரி ஆரும் வந்து மாத்தல்ல. போறணையில இருந்து இறங்கின சூட்டோட அது தட்டுல ஏறியிரிக்கி. உங்கட அலுமாரிக்குள்ள கேக் ஒருக்காலும் போகல்ல டீச்சர். நீங்க பூட்டினது பாணத்தான்."

டீச்சர் கையிலிருந்த போத்தலின் மூடியைத் திருகி மூடினார்.

"பாண் மணத்தையும் கேக் மணத்தையும் நீங்க மாத்தி எடுப்பீங்களா? வீடெல்லாம் மணந்தது எண்டு சொன்னீங்க. காத்து நேரா அடிச்சும் கோணாமலைட மூக்குக்கு ஒண்டும் எட்டல்ல. நீங்க போன வருசத்து மணத்தச் சொன்னீங்க. பிறகு பால் கருகினது. கூடத்துல இருந்த எனக்கு மணந்தது, உங்களுக்கு இல்ல."

"அவள்தானே பால வெச்சிட்டு மறந்தது?"

"விடியக்கை போனவள் வெச்ச பால், நான் வந்திருக்கக்கையா கருகும்? அது நீங்க வெச்ச பால். பழிய அவள் எடுத்தாள்."

வெளியே கப்பி கிறீச்சிட்டது. நிருஷா சும்மா இருக்க மாட்டாமல் தண்ணீர் அள்ளுகிறாள் போலும்.

"நீங்க பன்னீர் எண்டு ஊத்தினது ஓமத் தண்ணி. நேத்துக் கலவையப் பேக்கரிக்கு ஸ்கூட்டியில கொண்டு வரக்கையே அவளுக்கு மணந்திட்டுது. சுட்டாப் போயிரும் எண்டு றுமைஸ் நினைச்சிருக்கான். மணம் கூடத்தான் செய்தது, என்ட பணிஸும் நாசம். மகன் வாற நேரம், ஊருக்கெல்லாம் துண்டு போற நேரம், டீச்சர் கையால இப்பிடி ஒரு கேக் வெளிய போகக் கூடாது எண்டு அவள் நினைச்சாள். சூடும் பாரமும் சரியா இருக்க ஒரு பாண வெச்சாள். மிச்சப் பழப் போத்தல எடுத்தாள். கேக் களவெடுக்கிறவனுக்கு ஊறின பழம் என்னத்துக்கு? விடிய வெள்ளென போனது ஸ்டொக் எடுக்க இல்ல, என்ட பேக்கரியில முட்டை அடிக்க. அது கைக்கடிகாரப் பட்டியில காஞ்சு கிடந்தது. இண்டைக்கு நீங்க சேர்ச்சுக்குப் போற நேரம் மாத்தி வெச்சா ஒருத்தருக்கும் தெரிய வராது. இத்தினை வருசமும் பூட்டாத அலுமாரிய நீங்க பூட்டினதுதான் அவளுக்கு வந்த வினை. எடுத்தது உங்கட மருமகள்தான் டீச்சர். அத நான் மறைக்கல்ல. இனி அனுப்புறதும் வெச்சிருக்கிறதும் உங்கட விருப்பம்."

டீச்சர் இரண்டு போத்தல்களையும் மேசை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு கூப்பிட்டார்.

"நிருஷா!"

அவள் நனைந்த கையோடு வாசலில் வந்து நின்றாள். மேசையில் போத்தல்களைக் கண்டதும் முகம் வெளிறியது.

"காக்கா, நான் உங்களக் கேட்டனே..."

"அவரோட கோவிக்காத. எப்ப இருந்து உனக்குத் தெரியும்?"

"காய்ச்சல் விட்ட கிழமையில இருந்து மாமி. காஸ் திறந்து கிடந்தது. நீங்க பக்கத்துலயே இருந்து பைபிள் வாசிச்சுக்கொண்டிருந்தீங்க."

"அதுக்குப் பிறகுதான் நீ என்ட அடுப்படிக்குள்ள..."

"படுக்கிறதுக்கு முதல் அடுப்பப் பாப்பன். மீன மணந்து பாப்பன். வேற ஒண்டும் எடுக்கல்ல." அவளுடைய குரல் இறங்கியது. "ஓமத் தண்ணியப் பன்னீருக்குப் பக்கத்துல, அந்தச் சுவர்த்தட்டுல வெச்சது நான்தான். அண்டைக்கு வயித்துக்குக் குடிச்சிட்டு வெச்ச இடம். பிழை என்டது."

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"நீங்க சொல்லாதத நான் எப்பிடி மாமி சொல்றது?"

 நஸீறாதான் எழுந்து தட்டின் துணியை நீக்கினாள். அடையாளம் எதுவும் இல்லாத தட்டு. ஒரு பக்கம் சிவந்த கேக்.

டீச்சர் அதை ஆசிரியைக் கண்ணால் ஆராய்ந்தார். "முட்டை வெள்ளைய அவசரப்பட்டுச் சேத்திருக்கிறாய். ரவை வறுத்தது காணாது."

"ஓம் மாமி."

"கிட்ட வா. மணந்து சொல்லு. முதல்ல எது வருது?"

நிருஷா குனிந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"கறுவா. அதுக்குப் பின்னால தேன். பன்னீர் கடைசியாத்தான் வருது, வந்து அப்பிடியே நிக்குது."

"நிக்குதா?"

"நிக்குது."

"அப்ப சரி," என்றார் டீச்சர். "பன்னீர் அப்பிடித்தான் நிக்கணும்." கண்ணைத் துடைத்த அதே கையால், அலுமாரியில் கிடந்த பழைய தட்டின் நீலக்கரைத் துண்டை அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சு இறுகியிருந்தது. நிருஷா உதவிக்கு வந்தாள். இருவருமாக அதை அவிழ்த்துப் புதுத் தட்டின் கைபிடியில் கட்டினார்கள்.

"நாளைக்கு மதுரனுக்கு நானே எல்லாத்தையும் சொல்றன். இண்டைக்கு இன்னும் ஒரு கேக் கலக்கணும், இது ஊருக்குக் காணாது. நான் கலக்கிறன். நீ பக்கத்துல நிண்டு மணந்து சொல்லு. அங்கால இங்கால போயிராத."

"எங்க மாமி போறது?"

"செட்டிபாளையம் எண்டு கேள்விப்பட்டன்," என்று நஸீறா இடையில் புகுந்தாள். நிருஷா இந்த முறை உண்மையாகவே சிரித்துவிட்டாள்.

"அப்ப அந்த ஓமக் கேக்?" என்று சரீப் கேட்டார்.

"அதுல பாதி முடிஞ்சுது," என்றாள் நஸீறா. "எனக்கு ரெண்டு நாளா இருந்த வயித்துப் பொருமல் போயிட்டுது."

அந்த நேரம் வேலிக்கு அப்பாலிருந்து கோணாமலையின் குரல் கேட்டது.

"டீச்சர்! இப்பதான் மணம் வருது!"

டீச்சர் யன்னலடிக்குப் போய்ச் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உரக்கப் பதில் சொன்னார்.

"வரும், வரும். இந்த முறை என்ட மருமகள் சுட்டவ!"